மரம் நட்டால் அழியும் ஒரு பறவை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்ம ஹாஸ்டல் செம்பருத்தியில் தேன் குடிக்க வருவது ஹம்மிங்பேர்ட் கிடையாது, அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்ட் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கு. அதில் ரொம்ப அரிதான ஒன்றுதான் நீலத்தொண்டை ஹில்ஸ்டார்.

2017-ல் ஈக்வடார் நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் செரோ டி ஆர்கோஸ் பகுதியில் பிரான்சிஸ்கோ சோர்னோசா என்ற ஆய்வாளர் இதைப் பார்த்தார். இது புது இனம் என்று 2018-ல் அறிவித்தார்கள். ஆண் பறவையின் தொண்டை பளபளக்கும் நீலம். அதனால்தான் இந்தப் பெயர்.

இது வாழ்வது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். லிஃப்ட் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? அதில் அடர்த்தி குறைந்தால், அதே எடையைத் தூக்க இறக்கையை இன்னும் வேகமாக அடிக்கணும். அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பது அங்கே பெரிய செலவு. அதனால் ஹில்ஸ்டார் வகைப் பறவைகள் பெரும்பாலும் பூவிலோ கிளையிலோ உட்கார்ந்தே குடிக்கும். கால்களும் அதற்கேற்ப வலுவானவை. இரவில் குளிர் தாங்க, உடல் வெப்பத்தையும் இதயத்துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். இதற்கு டார்ப்பர் என்று பெயர். லேப்டாப்பை ஸ்லீப் மோடில் போடுவது மாதிரி.

அங்கே இதன் முக்கிய உணவு சுக்கிராகுவா என்ற முட்புதரின் ஆரஞ்சு நிறப் பூக்களின் தேன். அந்தப் புதர் வளர்வது பாராமோ எனப்படும் உயர்மலைப் புல்வெளியில்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். இந்தப் பறவையின் மொத்த இடமே சுமார் 114 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சிப் பரப்பில் கால்வாசியை விடக் கொஞ்சம்தான் அதிகம். இருப்பது அதிகபட்சம் 750 பறவைகள் என்று கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டார்கள். மேய்ச்சலுக்காகப் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள், தங்கச் சுரங்க ஆபத்தும் இருக்கு. இன்னொரு எதிரி பைன் மரத் தோட்டம்! பைன் வளர்ந்தால் புல்வெளியும் புதரும் போய்விடும். கீழே இறங்கினால் வேறு வகைக் காடும் வயலும்தான். மேலே போக மலையே இல்லை. தீவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

நல்ல செய்தியும் உண்டு: ஹோகோடோகோ என்ற ஈக்வடார் அமைப்பு அங்கே ஒரு காப்பகம் நடத்துகிறது. அங்கே முக்கியமான வேலை, இருக்கிற புல்வெளியை எரியாமல் காப்பது.

நம்ம நீலகிரியிலும் புல்வெளிகளில் சீகை, பைன் எல்லாம் நட்டு, இப்போது அவற்றை அகற்றப் பாடுபடுகிறார்கள். அடுத்த முறை என்.எஸ்.எஸ். கேம்பில் மரக்கன்றோடு கிளம்பும்போது, அந்த இடத்தில் இயற்கையாக என்ன இருந்தது என்று ஒரு தடவை கேட்டுட்டு நடுவோம்.