மலைக்குத் திரும்பப் போகிறவர்

அன்புள்ள தம்பி,

பழனி மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரக அறுவை மருத்துவராகச் சேரப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். அங்கே உன்னிடம் வரப்போகும் ஆண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, விழுந்து, தண்டுவடம் அடிபட்டவர்கள் வருவார்கள். பூம்பாறையிலிருந்து கை நடுக்கத்தோடு பெரியவர்கள் வருவார்கள். இரு தரப்பாருக்கும் சிறுநீர்தான் பிரச்சினை. வழி வேறு வேறு.

பெரியவர் விஷயத்தில் அவசரப்படாதே. வயதான ஆணுக்குச் சிறுநீர்த் தொல்லை என்றதும் நம் கை புராஸ்டேட்டுக்குத்தான் போகும். பார்க்கின்சன் உள்ளவருக்கு அதைச் சுரண்டினால் சிறுநீர் அடங்காமல் ஒழுகும் என்று 1988இல் வந்த ஆய்வைப் படித்துப் பலரும் பயந்து ஒதுங்கினார்கள். 2009இல் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சுமார் 70 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. ஒழுக்கு பயந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் பார்க்கின்சன் போலவே தோன்றும் 'மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி' இருக்கிறதே, அதை முதலில் விலக்கியாக வேண்டும். அந்த நோயில் கத்தி வைத்தால் இருக்கிற கட்டுப்பாடும் போகும். நடை தடுமாறும் முன்பே சிறுநீர்த் தொல்லை வந்ததா என்று கேள். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார். சந்தேகமிருந்தால் நரம்பியல் மருத்துவரிடமும் யூரோடைனமிக்ஸ் சோதனைக்கும் மதுரைக்கு அனுப்பு.

தண்டுவடம் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை சுருங்கும் நேரத்தில் அதன் வாய்த்தசை திறக்காமல் இறுகும். உள்ளே ஏறும் அழுத்தம் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்கு முதல் மருந்து கத்தியல்ல. வேளாவேளைக்குத் தானே டியூப் விட்டு வடித்துக்கொள்வதுதான். கிருமி நீக்கிய அறை வேண்டாம், சுத்தமான கையும் டியூபும் போதும் என்று 1972இல் அமெரிக்காவின் ஜாக் லாப்பிடிஸ் காட்டிய பிறகு, எத்தனையோ பேரின் சிறுநீரகம் பிழைத்தது.

அது போதாமல் அறுவை என்று வரும்போது, ஸ்கேனுக்கு முன் கையைப் பார், வீட்டைக் கேள். குடல் துண்டைத் தைத்துப் பையைப் பெரிதாக்கலாம், நல்ல அறுவைதான். ஆனால் குடல் சளி விடும், பையைக் கழுவ வேண்டும், பெரும்பாலோர் ஆயுளுக்கும் டியூப் விட வேண்டும். அந்தப் பை கிழிந்தால் உணர்ச்சியற்ற வயிற்றில் வலிகூடச் சரியாகத் தெரியாது. மன்னவனூருக்கும் அப்பால் இருப்பவர் ராத்திரியில் எப்படி இறங்குவார்? அதற்குப் பதில் பையில் போடும் போட்டாக்ஸ் ஊசி ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது மாதம் நிற்கும், பிறகு மறுபடி வரவேண்டும். பஸ் செலவையும், கூட வருபவர் இழக்கும் கூலியையும் கேட்டுத் தெரிந்துகொள்.

கழுத்தில் அடிபட்டு விரல் மடங்காதவரால் டியூப் விட முடியாது. அவருக்கு வாய்த்தசையை வெட்டிவிட்டு வெளியே ஆணுறை டியூப் மாட்டலாம். ஆண்களுக்கு மட்டுமே பொருந்தும் வழி இது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. தினமும் அந்த டியூபை மாட்டிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் தேதி குறிக்காதே. ஆண்மையைப் பாதிக்கலாம் என்பதையும் சொல்லிவிடு. கல்யாணமாகாத பையன் அம்மாவை வைத்துக்கொண்டு கேட்க மாட்டான். அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு நீயே பேச்சை எடு.

வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். உன் முன்னால் படுத்திருப்பவரும் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தெரிந்தவர்தான். அவரிடமே பேசு, கூட வந்த அவருடைய அண்ணனிடம் அல்ல.

மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடு. டியூப் அடைத்தால் தலை வெடிப்பதுபோல வலிக்கும், வியர்க்கும், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, அடைப்பை உடனே எடுக்க வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில் எழுது. ஊர் நர்ஸம்மாவிடம் ஒரு நகல் இருக்கட்டும். குளிரில் தண்ணீர் குடிக்க மறந்தால் கல் சேரும் என்பதையும் அதில் சேர்.

யூரோடைனமிக்ஸ் வரைபடத்தில் குழப்பம் வந்தால் எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மதுரையிலிருந்து உன் அண்ணன்