அடுக்குகளின் வரிசை

கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் பாலகாட்டும் ஒன்று. தங்கவயலில் சுரங்கத் தொழில் வளர்ந்தபோது, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடிக் குடிபெயர்ந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட மணல், சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது.

பாலகாட்டில் வாழும் மாணவி ஒருத்தி, பள்ளிக் கண்காட்சிக்காக 'கிம்ப்' என்னும் கட்டற்ற மென்பொருளில் சுவரொட்டி ஒன்றை அமைத்தாள். சுரங்கத் தொழிலாளர் குழுப்படம் ஒன்றிலிருந்து தன் தாத்தாவின் உருவத்தை இரண்டு மாலைப்பொழுதுகள் முயன்று பிரித்தெடுத்தாள். அவ்வுருவம், தலைப்பு, சயனைடு மேட்டின் படம் ஆகிய மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தாள். ஆனால் திரையில் மேடு மட்டுமே தெரிந்தது. மறுநாளே கண்காட்சி.

"பாட்டி, தாத்தாவைக் காணோம்!" என்று கலங்கினாள்.

அருகிலிருந்த அண்ணன், "தாத்தா அழியவில்லை, மறைந்திருக்கிறார். அடுக்குப் பட்டியலைப் பார்" என்றான்.

பட்டியலில் மேலே இருக்கும் அடுக்கே படத்தில் முன்னால் தோன்றும். இறுதியாகச் சேர்த்த மேட்டின் படம் திரை முழுவதையும் நிரப்பியதால், கீழுள்ளவை மறைந்தன. அவள் அவ்வடுக்கைச் சுட்டியால் அழுத்தி இழுத்துப் பட்டியலின் அடியில் விட்டாள். தாத்தாவின் உருவம் வெளிப்பட்டது. உருவத்தைச் சுற்றிலும் வெற்றிடமாக இருந்ததால், அதன் வழியே பின்னாலுள்ள மேடும் தெரிந்தது.

தலைப்போ தாத்தாவின் முகத்தை மறைத்தது. அதைப் பட்டியலில் கீழிறக்கினால், எழுத்துகள் அவருக்குப் பின்னால் மறையும். ஆகவே வரிசையை மாற்றாமல், தலைப்பைப் படத்தின் மேற்பகுதிக்கு நகர்த்தினாள். வரிசை மாற்றம் வேறு, இட மாற்றம் வேறு என்பதை உணர்ந்தாள்.

பாட்டி நெடுநேரம் திரையை நோக்கினார். "நாள்தோறும் மண்ணுக்கு அடியில் இருந்தவர், படத்திலாவது மண்மேட்டுக்கு முன்னால் நிற்கட்டும்" என்றார்.

மாணவி கோப்பை 'எக்ஸ்சிஎஃப்' வடிவில் சேமித்தாள். 'ஜேபெக்' வடிவில் அடுக்குகள் ஒன்றாகிவிடும்; மீண்டும் பிரித்து அடுக்க இயலாது.

பயிற்சி

1. மேட்டின் படம் மற்றவற்றை மறைத்தது ஏன்?
2. வரிசை மாற்றத்திற்கும் இட மாற்றத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பாட்டியின் கூற்றை உம் சொற்களில் விளக்குக.
4. உம் குடும்பத்தார் பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த வரலாற்றைக் கேட்டறிந்து, மூன்று அடுக்குகளில் ஒரு படம் அமைக்க.