நட்சத்திர மறைப்பும் கிரக ஆராய்ச்சியும்: பட்டாச்சார்யாவின் பணி

வானில் இயங்கும் கிரகமொன்று தன் பாதையில் ஒரு நட்சத்திரத்துக்கும் நமக்கும் இடையே வருமாயின் அந்நட்சத்திரத்தின் ஒளி சிறிது நேரம் தடைப்படும். இதனை நட்சத்திர மறைப்பு என்பர். காண்பதற்கு எளிய நிகழ்ச்சியே எனினும், தொலைநோக்கியின் ஆற்றலுக்கு எட்டாத பல உண்மைகளை இது வெளிப்படுத்த வல்லது. இம்முறையை இந்தியாவில் சிறப்புறக் கையாண்டவர்களுள் ஜே. சி. பட்டாச்சார்யா முதன்மையானவர்.

1930 இல் பிறந்த இவர், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் வைணு பாப்புவின் தலைமையில் பணியாற்றினார். சூரியனின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியை அங்கு அமைப்பதில் ஈடுபட்டார். கருவியை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்துவோர் பலர். அதன் குறைகளை அறிந்து தாமே திருத்தவல்லோர் சிலர். இவர் இரண்டாம் வகையினர்.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1972 இல் 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பெற்றது. இது ஜெர்மனியின் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று வியாழனின் உபகிரகமாகிய கானிமீட் ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் ஜாவாத் தீவிலுள்ள லெம்பாங்கிலும் இம்மறைப்பு அளக்கப்பட்டது. காற்றற்ற கோளம் மறைத்தால் ஒளி சட்டென அற்றுப்போதல் வேண்டும். வாயு மண்டலம் உண்டாயின் கதிர்கள் வளைந்து பரவுவதால் ஒளி படிப்படியாகக் குன்றும். அளவீடுகளிலிருந்து கானிமீடுக்கு மெல்லிய வாயு மண்டலம் உண்டு என்று 1973 இல் பட்டாச்சார்யா உள்ளிட்ட ஆய்வாளர் வெளியிட்டனர். ஆயினும் 1979 இல் வாயேஜர் 1 விண்கலம் செய்த சோதனை, அவ்வளவு அடர்த்தியான வாயு அங்கு இல்லை என்று காட்டியது. பிற்காலத்தில் ஹபிள் தொலைநோக்கி கண்டது, அதனினும் மிக மிக மெல்லிய ஆக்சிஜனையே ஆகும்.

1977 மார்ச்சு 10, 11 ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் இதனினும் பெரிய நிகழ்ச்சி நேர்ந்தது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று முன்னரே கணிக்கப்பட்டிருந்தது. கிரகத்தின் விட்டத்தையும் வாயு மண்டலத்தையும் அறிவதே பலருடைய நோக்கம். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசுவாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்தி நட்சத்திரத்தின் ஒளியை இடைவிடாது பதிவு செய்தனர். கிரகத்தின் விளிம்பு அணுகுவதற்கு முன்னரே ஒளி சில விநாடிகள் திடீரெனக் குன்றிப் பின் மீண்டது. மேகமோ, கருவியின் கோளாறோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இத்தகைய இடத்தில் பதிவேட்டின் ஒழுங்கும் கடிகாரத்தின் துல்லியமுமே சாட்சி கூறும். களப்பணியாளர் இதனைக் கருதுக.

அக்குறைவு யுரேனஸின் புதிய உபகிரகமொன்றால் நேர்ந்தது என்று இருவரும் முதலில் கருதி வெளியிட்டனர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க விமானத்தின் தொலைநோக்கியில் எலியட் குழுவினர் மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அமைந்த பல குறைவுகளைக் கண்டனர். ஓர் உபகிரகம் கிரகத்தின் இருபுறமும் சமதூரத்தில் நிற்க இயலாது. ஆகவே யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, வளைய அமைப்பு என்றே எழுதினர். முதற் கருத்து மாறினும் பதிவு மாறவில்லை.

இம்முறையின் வலிமையை ஆசிரியர்கள் ஒரு கணக்கால் விளக்கலாம். அப்போது யுரேனஸ் சுமார் 266 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அத்தொலைவில் 1 விகலைக் கோணம் ஏறத்தாழ 12,900 கிலோமீட்டருக்குச் சமம். நம் காற்று மண்டலத்தின் அசைவால் நிலத்துத் தொலைநோக்கிகள் காட்டும் நட்சத்திரப் பிம்பமே ஏறக்குறைய 1 விகலை பரந்திருக்கும். 100 கிலோமீட்டருக்கும் குறைந்த வளையத்தை அதில் பிரித்துக் காண்பது எங்ஙனம்? மறைப்பிலோ, நிழல் விநாடிக்கு 12 கிலோமீட்டர் நகர்வதாகக் கொண்டால், 8 விநாடிக் குறைவு 96 கிலோமீட்டர் அகலத்தைக் காட்டிவிடும். காலத்தை அளந்து தூரத்தை அறிதல் என்பது இதுவே. வகுப்பில் தொலைவிலுள்ள சிறு விளக்கின் குறுக்கே மெல்லிய குச்சியை மெதுவாக நகர்த்திக் காட்டின் மாணவர் எளிதில் உணர்வர்.

1982 இல் பாப்பு காலமானபின் பட்டாச்சார்யா இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அப்போது 2.34 மீட்டர் தொலைநோக்கி முற்றுப்பெறாத நிலையில் இருந்தது. ஒளிக்கண்ணாடி பெங்களூரில் தேய்த்து மெருகிடப்பட்டது. ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு கூற்றளவே பிழை இருக்கலாம் என்ற நிபந்தனையால் அவ்வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இவ்வளவு பெரிய கருவியை உள்நாட்டிலேயே செய்து முடித்தல் அந்நாளில் துணிகரமான முயற்சியே. 1986 ஜனவரியில் அது வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதத்தில் வாயேஜர் 2 யுரேனஸை அணுகி, காவலூரில் சில விநாடி மங்கலாக மட்டும் உணரப்பட்ட வளையங்களை நேரிற் படமெடுத்தது.