சேர்ந்தால்தான் அறிவிப்பு
புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இளம் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்ற செய்தி கிடைத்தது. நிறைந்த மகிழ்ச்சி. நீங்கள் பெற்றோருக்கு ஆண்டுதோறும் அனுப்பப்போகும் அறிவிப்புகளைப் பற்றி மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நம் ஆசிரியர்களில் பலர் அறிவிப்பு அனுப்புவதைக் கோப்பு வேலையாக நினைக்கிறார்கள். சுற்றறிக்கை வருகிறது, நகல் எடுத்துப் பலகையில் ஒட்டுகிறார்கள், படம் பிடித்து மேலே அனுப்புகிறார்கள், அத்தோடு முடிகிறது. பாடம் நடத்துவதற்குச் சற்றும் குறையாத பொறுப்பு அது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் பள்ளி நிர்வாகங்கள் ஒவ்வொரு கல்வியாண்டிலும் குடும்பங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவை என்று ஒரு தொகுப்பே உண்டு. பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் பெற்றோருக்கு உரிமை தந்த 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த உரிமையை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பெற்றோருக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்கும் அது உள்ளபடியே போய்ச் சேர வேண்டும் என்று விதி சொல்கிறது. பள்ளிக் கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதைப் பற்றிய திட்ட அறிக்கை எங்கே பார்க்கக் கிடைக்கும் என்பதையும் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும்.

நம்மிடம் அப்படி ஒரே கட்டாகக் கட்டிய சட்டம் இல்லை. கடமைகள் சிதறிக் கிடக்கின்றன. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதி பெண்களும் இருக்க வேண்டும் என்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. யாரும் கேட்காமலே அரசு அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எந்த வழியாகச் சொன்னால் செய்தி நன்றாகப் போய்ச் சேரும் என்பதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது அதன் 4-ஆம் பிரிவு. ஒட்டியதோடு கடமை தீராது, போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆணை வேண்டியதில்லை.

அறிவிப்பு போய்ச் சேராவிட்டால் ஒரு குடும்பம் எதை இழக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும், அந்தப் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் இதை அறியாத வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் துக்க வீட்டில் யார் போய்ச் சுற்றறிக்கை தேடுவார்கள்? ஆண்டுதோறும் சொல்லி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்காவது நினைவு வரும்.

அடுத்தது ஐந்தாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. இதைப் பெறப் பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. மீனவர் வீட்டுப் பெண்ணொருத்தி மீன்வளக் கல்லூரிக்குப் போவதற்கான முதல் முடிவு, அவளுடைய பத்தாவது வயதில், அம்மாவும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது எடுக்கப்பட்டுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை. ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் மார்ச் மாதத்துக்குள் இதைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர்கள் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும் அது அவர்கள் விருப்பம். தெரியாமல் தேர்ந்தார்கள் என்று மட்டும் ஆகக் கூடாது.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2025-இல் மாநிலமே பார்த்தது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தரும் சேர்க்கை வழக்கமாகக் கோடை விடுமுறையில் தொடங்கும். நிதி தொடர்பாக மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே எழுந்த சிக்கலால் அந்த ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து மாதங்கள் கடந்துவிட்டன. உரிமை சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது; அறிவிப்பு வராததால் காத்திருந்த வீடுகளுக்கு அது இல்லாததுபோல் ஆயிற்று. மாநில அளவில் நடந்தது உங்கள் பள்ளி அளவில் நடக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். ‘தகுதியுள்ள மாணாக்கர்கள் உரிய சான்றாவணங்களுடன் குறித்த காலத்திற்குள் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். இதில் யார், எதற்கு, எப்போது, எங்கே என்ற நான்குக்கும் பதில் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: ‘உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பா? வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருக்கிறதா? என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இந்தத் தேதிக்குள் பள்ளிக்கு வாருங்கள். படிவத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். படிவத்துக்குப் பயந்துதான் பலர் வருவதில்லை.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரு தாளில் ஒரு செய்தி போதும். எழுதி முடித்ததும் சத்துணவுக்கூடத்து அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். ஊருக்கு உதவும் செய்தியைப் பலகையில் ஒட்டலாம். ஒரு பிள்ளையின் சாதி, உதவித்தொகை, மதிப்பெண், உடல்நிலை பற்றியவற்றை அந்த வீட்டாரிடம் மட்டும் நேரில் சொல்லுங்கள். உதவி பெறுகிற வீடு ஊர் முன்னால் தலைகுனியக் கூடாது.

எழுதியதைக் கொண்டுசேர்க்க ஊரின் நாள்முறை தெரிந்திருக்க வேண்டும். மீனவர் குப்பங்களில் விடியுமுன் படகு கிளம்பிவிடும். மீன் கரைக்கு வந்ததும் பெண்கள் கூடையோடு சந்தைக்குப் போவார்கள். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. பிற்பகலில் வையுங்கள். முதல் நாள் மாலை கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லி ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேளுங்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் வேலை செய்வோருக்கு உளி ஓய்ந்த பிறகுதான் காது கொடுக்க நேரம். வாட்ஸ்அப் குழு உதவும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பெரும்பாலும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். ஊராட்சிகளில் மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் உங்கள் அறிவிப்பை வாசிக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வழக்கம் என்று யாராவது தண்டோரா போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது கைவிடப்பட வேண்டும் என்று 2022-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். ஒரு பிரிவினரின் கழுத்தில் பறையை மாட்டிவிட்டுக் கல்விச் செய்தி சொல்லக் கூடாது.

இருளர் குடியிருப்புகளுக்கு நீங்களே நடந்து போங்கள். ‘சாதிச் சான்றுடன் வரவும்’ என்ற ஒரு வரி அந்தத் தாய்மாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டியிருக்கிறது; அதற்கு அலைவது எளிதன்று. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அதை முதல் வரியாகச் சொல்லுங்கள்: ‘கையில் எந்தத் தாளும் இல்லாவிட்டாலும் பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.’ 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அறிவுடையவர்களைப் படிவம் நிரப்பத் தெரியாததை வைத்து எடைபோடாதீர்கள். மாசி மகத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும். வழிபடும் இடத்தில் போய்த் தாள் நீட்ட வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்பே குடியிருப்பில் பேசிவிட்டு வாருங்கள். உறவுகள் கூடும் இடத்தில் செய்தி தானே பரவும். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நமக்கு எதிராகப் பயன்படக்கூடிய உரிமைகளையும் நாமே சொல்ல வேண்டும். பிள்ளையை அடிக்கவோ மனம் நோகடிக்கவோ கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 ஆகிய இரண்டும் சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். ‘நம் மேலேயே புகார் கொடுக்க நாமே வழிகாட்டுவதா?’ என்று சக ஆசிரியர் யாராவது கேட்கக்கூடும். ஆம் என்று சொல்லுங்கள். தன்னைக் கேள்வி கேட்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொடுக்கிற பள்ளியைத்தான் பெற்றோர் நம்புவார்கள்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று உங்களுக்குத் தோன்றலாம். எமிஸ் இணையதளப் பதிவு, கூட்டங்கள், ஆசிரியர் பற்றாக்குறை எல்லாம் நான் அறியாததல்ல. தனியாளாகச் செய்யாதீர்கள். மேலாண்மைக் குழுவின் தாய்மாரிடம் தெருவுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுங்கள். உங்களைவிட அவர்கள் வேகமாகச் சேர்ப்பார்கள். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

இந்த ஜூனிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரு பக்கத்தில் அறிவிப்பு, எதிர்ப்பக்கத்தில் அது யாருக்கெல்லாம் உரியதோ அவர்கள் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரே, சொல்லியாயிற்றா, வந்தார்களா, கிடைத்ததா என்று மூன்று கட்டங்கள். ஏப்ரலில் மூன்றாவது கட்டத்தை எண்ணுங்கள். நிரம்பாத பெயர் ஒவ்வொன்றையும் அடுத்த ஆண்டின் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். ஆனாலும் எழுதுங்கள்.

நலம் விழையும்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்
செங்கல்பட்டு