பெரிய ஸ்பீக்கர்தான் நல்ல ஸ்பீக்கரா?

மாணவர்களே! வீட்டிலேயே ஒலிபெருக்கிப் பெட்டி செய்ய விரும்புவோர் பலர், "இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கர் எது?" என்றுதான் கடையில் கேட்பார்கள். பெரியதை வாங்கினால் போதுமா? ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

எட்டு அல்லது பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் இணைத்து வானொலிச் செய்தியை ஒலிக்க விடுங்கள். முதலில் நேர் எதிரே நின்று கேளுங்கள். பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகருங்கள். குரல் கேட்கும், ஆனால் 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகள் மங்கிவிடும். ஏன்?

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 3.4 செ.மீ. மட்டுமே. அலைநீளம் ஸ்பீக்கர் கூம்பின் விட்டத்தைவிட மிகுதியாக இருந்தால் ஒலி நாற்புறமும் பரவும். குறைந்துவிட்டால், டார்ச் விளக்கின் ஒளிக்கற்றை போல முன்னே மட்டும் பாயும்.

ஆகவேதான் வேலையைப் பங்கிடுகிறோம். தாழ்ந்த ஒலிகளை வூஃபரும், உயர்ந்த ஒலிகளைச் சிறிய ட்வீட்டரும் ஏற்கின்றன. ஒன்று விட, மற்றது தொடரும் அதிர்வெண்ணே கிராஸ்ஓவர் புள்ளி. அதை எங்கே வைப்பது?

மேல் எல்லையை வூஃபர் சொல்லும். 6½ அங்குல வூஃபரில் அசையும் கூம்பின் விட்டம் சுமார் 13 செ.மீ. 340-ஐ 0.13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,600 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் போகக் கூடாது.

கீழ் எல்லையை ட்வீட்டர் சொல்லும். அதன் ஒத்ததிர்வு எண்ணுக்கு அருகே அது அளவு மீறி அசையும், ஒலி சிதையும், மெல்லிய கம்பிச்சுருள் எரிந்துபோகவும் கூடும். எளிய சுற்றில், ஒத்ததிர்வு எண்ணைப்போல் மூன்று மடங்காவது மேலே இருப்பது நல்லது. ஒத்ததிர்வு எண் 800 எனில் எல்லை 2,400. ஆக, 2,500 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் பொருந்துகிறது!

பத்து அங்குல வூஃபர் வாங்கியிருந்தால்? கூம்பின் விட்டம் சுமார் 21 செ.மீ.; மேல் எல்லை 1,600 ஹெர்ட்ஸ்தான். ட்வீட்டரோ 2,400-க்குக் கீழே வராது. இடைவெளியை நிரப்ப மூன்றாவது ஸ்பீக்கர் தேவைப்படும். பெரியதை மட்டும் தேடியதன் விளைவு இது.

இனிச் சுற்று. ட்வீட்டருடன் தொடராக ஒரு மின்தேக்கி; அது தாழ் அதிர்வெண்களைத் தடுக்கும். அதன் அளவு = 1 ÷ (2π × அதிர்வெண் × ஓம்). 2,500 ஹெர்ட்ஸ், 8 ஓம் எனில் சுமார் 8 மைக்ரோஃபாரட். வூஃபருடன் தொடராக 0.5 மில்லிஹென்றி கம்பிச்சுருள். அது உயர் அதிர்வெண்களைத் தடுக்கும். மின்தேக்கி, கூட்டல் கழித்தல் முனைகள் இல்லாத வகையாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். 8 ஓம் என்பது பெயரளவு மதிப்பே. அதிர்வெண்ணுக்கேற்ப அது மாறும். ஆகவே கணக்கு ஒரு தொடக்கம்தான். முடிவைக் காதால் சோதித்துத் திருத்த வேண்டும். முதலில் குறைந்த ஒலியில் கேளுங்கள். ட்வீட்டர் ஓங்கி ஒலித்தால், அதனுடன் மின்தடை சேர்த்து அடக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்: கூம்பின் விட்டம் 8.5 செ.மீ. எனில் மேல் எல்லை என்ன? அதே அதிர்வெண்ணில் 4 ஓம் ட்வீட்டருக்கு எந்த மின்தேக்கி வேண்டும்? (விடை: 4,000 ஹெர்ட்ஸ், சுமார் 10 மைக்ரோஃபாரட்.)