மலையிலிருந்து வரும் மாணவர்கள்

கேள்வி: கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஜவ்வாது மலையிலிருந்து வரும் பழங்குடி மாணவர்கள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: முதலில் அவர்களைக் கூச வைக்கும் பழக்கங்களை நிறுத்துங்கள். உதவித்தொகைப் பட்டியலை உரக்க வாசித்து, "எஸ்.டி. பசங்க எழுந்து நில்லுங்க" என்றால், நின்ற பிள்ளை மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். பாகுபாட்டைத் தடுக்கவும் சமவாய்ப்பு மையம் அமைக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த மையம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

அடுத்து, பாடத்துக்குள் மலையைக் கொண்டுவாருங்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1988-ல் 'ராமானுஜன்' சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கிருந்துதான். இயற்பியல் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? தாவரவியலுக்குச் சாமை இருக்கிறது. விதைப்பதிலிருந்து உமி நீக்குவது வரை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த மாணவி உங்களைவிட அதிகம் சொல்வாள். ஆனால் அவளை மட்டும் எழுப்பி 'உங்க மலையில எப்படிம்மா?' என்று கேட்காதீர்கள். எல்லாரையும் அவரவர் ஊர்ப் பயிரைப் பற்றி ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள், பிறகு பேசச் சொல்லுங்கள். கையில் தாள் இருந்தால் தயக்கம் பாதி போய்விடும். மழைநாளில் மலைப் பேருந்து தாமதமானால் வருகைப்பதிவில் கை வைக்காதீர்கள்.