மாமாவின் மவுண்டன் பைக்கும் என் மூவாயிரம் ரூபாயும்



"மெக்கானிக்கல் படிக்கிறே, ஒரு சைக்கிளை ரிப்பேர் பண்ணத் தெரியாதா?" வீட்டில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத மெக்கானிக்கல் மாணவன் நம் கல்லூரியில் இருக்க முடியாது. மிக்ஸி ஓடாவிட்டால் எலக்ட்ரிகல்காரன் மாட்டுவான். சைக்கிள் ஓடாவிட்டால் நாம்! அப்படி மாட்டிக்கொண்டவன் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரை.

பத்தாவது முடித்து நேராக டிப்ளமோவுக்கு வந்தவன் நான். அதனால் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸை நம்பினால் முதல் பீரியட் போய்விடும். முதல் செமஸ்டரில் வருகைப் பதிவு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை இங்கே எழுதினால் அப்பாவும் படித்துவிடுவார், எனவே விட்டுவிடுகிறேன்.

மாமா வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஒரு எம்.டி.பி. சைக்கிள் கிடந்தது. 1996இல் அவர் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் வாங்கியது. கியர் கிடையாது. தடித்த டயர், நேர் ஹேண்டில்பார், கேன்டிலீவர் பிரேக். ஸ்டிக்கர் எல்லாம் உரிந்து கம்பெனிப் பெயரே தெரியாது. "எடுத்துட்டுப் போ மருமவனே, பழைய இரும்புக்காரன் நானூறு ரூபா தாரேன்னான், எனக்குத்தான் மனசு வரல" என்றார். பெயிண்டிங் வேலைக்குப் போய் நான் சேர்த்து வைத்திருந்தது 3,000 ரூபாய்.

முதல் தப்பு: பெயிண்ட்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கியது ஸ்ப்ரே பெயிண்ட். மூன்று டப்பா 750 ரூபாய், ஸ்டிக்கர் 100, சீட் கவர் 150. ஆக ஆயிரம் காலி! துருவின் மேலேயே உப்புத்தாளை ஒப்புக்குத் தேய்த்து, கறுப்பும் சிவப்புமாக அடித்தேன். டயரில் காற்று அடித்தேன், செயினில் எண்ணெய் விட்டேன், கிளம்பிவிட்டேன். ஹாஸ்டல் வாசலில் நண்பர்கள் கை தட்டினார்கள். ஒருவன் செல்ஃபிகூட எடுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலத்துச் சரிவில் விட்டேன் பாருங்கள், காற்றாய்ப் பறந்தது! கீழே வந்ததும் முன் பிரேக்கை அழுத்தினேன். 'கிடுக்' என்று ஒரு சத்தம். ஏதோ நட்டு லூஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சார் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன். அவர் குனிந்து, முன் ஃபோர்க்கின் தோள் பகுதியை விரலால் தடவி, "புதுப் பெயிண்ட்ல ஏன்டா முடி மாதிரி கோடு விழுந்திருக்கு?" என்றார்.

சாக்பீஸ் சொன்ன சேதி

அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உலோகம் தெரியும்படி துடைக்கச் சொன்னார். டீசலைத் தடவி இருபது நிமிடம் விட்டோம். பிறகு ஈரமே இல்லாமல் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த டீசலைத் தூள் வெளியே உறிஞ்சிவிட்டது! முன்பெல்லாம் ரயில்வே பட்டறைகளில் அச்சுகளையும் மற்ற பாகங்களையும் இந்த முறையில்தான் சோதித்தார்கள். இன்றைய டை பெனட்ரன்ட் சோதனைக்கு இதுதான் முன்னோடி. செலவு? ஒரு சாக்பீஸ்.

விரிசல் ஏன் அந்த இடத்தில் வந்தது? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். ஒரு முனை பிடித்து வைக்கப்பட்ட கேன்டிலீவர் பீமில் பெண்டிங் மொமன்ட் அதிகபட்சமாக இருப்பது பிடித்து வைத்த முனையில்தான். முன் பிரேக் பிடிக்கும்போது ரோடு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது. அந்த விசை 300 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து ஃபோர்க் தோள் வரை உயரம் சுமார் 0.7 மீட்டர். பெருக்கினால் 210 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்க வேண்டியது அந்தத் தோள்தான். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் துரு வேறு தின்றிருந்தால்? அதற்குப் பெயர்தான் ஃபெடீக். தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன். அந்த ஐந்து மார்க்கின் மேல் என் தங்கச்சி உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

"ஒரு பொட்டு வெல்டு வச்சாப் போதும்" என்று யோசனை சொன்னார்கள். சார் சம்மதிக்கவில்லை. மெல்லிய குழாயில் வெல்டு வைத்தால் பக்கத்து உலோகம் சூட்டில் குணம் மாறிவிடும். விரிசல் அடுத்த இடத்தில் கிளம்பும். ஃப்ரேமோ கேரியரோ உடைந்தால் தள்ளிக்கொண்டு வரலாம், ஃபோர்க் உடைந்தால் முகம்தான் தரையில். "ஃபோர்க்கை மட்டும் ஒட்டுப் போடாதே" என்றார்.

மறுபடி முதலிலிருந்து ஓவராயில்

கையில் மிச்சம் 2,000 ரூபாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "பொருளை நீ வாங்கு, சாவியை நான் தாரேன், வேலையை நீ செய்" என்றார். நான்கு சனிக்கிழமைகள் அங்கேதான். அங்கே கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கழற்றும் திசை. இடது பெடலில் இடப்பக்க மரை என்று தெரியாமல், முழு பலத்தோடு தப்புத் திசையில் திருகி, கிராங்கின் மரையை நாசம் செய்தேன். நினைவு வைக்க எளிய வழி: ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலுமே கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதேபோல் பி.பி. அச்சின் வலதுபக்கக் கப்பிலும் இடப்பக்க மரைதான், பலம் காட்ட வேண்டாம்.

2. பால்ரஸும் கிரீஸும். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குல பால்ரஸ், பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலம், பி.பி.யில் பக்கத்துக்கு 11 வீதம் 1/4 அங்குலம். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. தேய்ந்ததற்கு நடுவே புதியது இருந்தால் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் விழும். பழைய கிரீஸை டீசலில் சுத்தமாகக் கழுவி, உலர்த்தி, புது கிரீஸ் வையுங்கள். கோனை இறுக்கியபின் சக்கரத்தைத் தூக்கி விடுங்கள். டியூப் வால்வு இருக்கும் பக்கம் தன் எடையால் தானே கீழே வர வேண்டும். பக்கவாட்டில் ஆட்டமும் இருக்கக் கூடாது.

இந்தக் கிரீஸ் விஷயத்தில் ஒரு சுவையான சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் 1970களில் சில இளைஞர்கள், 1930, 40களின் தடித்த டயர் சைக்கிள்களைக் குறைந்த விலைக்குத் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் விட்டு விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஒரு சரிவில் முதல் பந்தயம் நடந்தது. அந்தப் பழைய சைக்கிள்களில் பிரேக் பின் ஹப்புக்குள்ளேயே இருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் சூடாகி கிரீஸ் புகைந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்று பெயர் வந்துவிட்டது! அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு ஃப்ரேமைச் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயமும் சேர்ந்தது. மாமா சைக்கிள் வாங்கிய அதே வருடம். ஆக, மவுண்டன் பைக் என்பதே பழைய சைக்கிளைப் பழுது பார்த்ததில் பிறந்ததுதான். நாம் செய்வது ஒன்றும் கேவலமான வேலை இல்லை நண்பர்களே!

3. டயர் அளவு. '26 இன்ச் டயர் கொடுங்க' என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். 26×1.95 டயர் உட்காரும் ரிம் 559 மில்லிமீட்டர். 26×1 3/8 டயருக்கு 590 மில்லிமீட்டர். இரண்டுக்கும் பெயர் 26தான், ஒன்றுக்கொன்று சேராது. பழைய டயரின் பக்கவாட்டில் அச்சடித்ததைக் குறித்துக்கொண்டு போங்கள்.

4. செயின். நம் ஸ்டீல் ரூலே போதும். செயினின் பிட்ச் 1/2 அங்குலம். ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 பிட்ச் அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 12 1/8 வந்தால் செயின் முடிந்தது. என்னுடையது அதையும் தாண்டியிருந்தது.

5. துரு. எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, நட்டு, போல்ட்டுகளை ஒரு ராத்திரி ஊற வைத்தேன். காலையில் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறுபடி துரு ஏறிவிடும். குரோம் பூசிய ஹேண்டில்பாரை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம்!

6. பிரேக். கட்டை நான்கும் கேபிள் இரண்டும் புதிது போட்டேன். இரும்பு ரிம் என்பதால் மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழை நாளில் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். சக்கரக் கோட்டத்தையும் நானே எடுத்தேன். பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸை நீட்டிப் பிடித்துச் சுற்றினால் எங்கே தட்டுகிறதோ அங்கே கோட்டம். எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் எட்டு போட்ட மாதிரி ஆகிவிடும். (எனக்கு ஆனது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சரி செய்தார்.)

கணக்கு

ஃபோர்க் 420, டயர் இரண்டு 720, டியூப் இரண்டு 260, பிரேக் கட்டையும் கேபிளும் 160, செயின் 170, பால்ரஸும் காட்டர் பின்னும் 90, கிரீஸும் டீசலும் 80, நான் நாசம் செய்த இடது கிராங்குக்கு அண்ணாச்சி தேடிக் கொடுத்த பழைய கிராங்க் 100. மொத்தம் 2,000. டீ, வடை அண்ணாச்சி கணக்கு.

புது ஃபோர்க்குக்கு அடிக்கப் பெயிண்ட் மிச்சமில்லை, காசும் இல்லை. அது மட்டும் கடையில் வாங்கிய சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. கறுப்பு, சிவப்பு ஃப்ரேமில் சாம்பல் ஃபோர்க்! "ஏன்டா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். முதலில் செலவழித்த ஆயிரம் கண்ணுக்குத் தெரிந்தது, பின்னால் செலவழித்த இரண்டாயிரத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது. ஆனால் சைக்கிள் ஓடுவது அந்தத் தெரியாத பாதியில்தான்.

பழைய சைக்கிளைக் கையில் எடுக்கும் நண்பர்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் ஃப்ரேமும் ஃபோர்க்கும் சோதனை, அடுத்து பிரேக், பிறகு பால்ரஸ், டயர், செயின். பெயிண்ட் கடைசி. ஃபோர்க்கில் கோடு தெரிந்தால் கிரீஸ்கூட வாங்காதீர்கள், ஃபோர்க்குக்குக் காசு சேருங்கள். பழையதைக் காப்பாற்றுவது என்றால் எல்லாவற்றையும் காப்பாற்றுவது அல்ல. எதை விட வேண்டும் என்று தெரிந்துகொள்வதும்தான்.

அந்த உடைந்த ஃபோர்க் இப்போது நம் ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்குகிறது. இன்ஸ்ட்ரக்டர் சார் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் ஃபெடீக் நடத்துகிறார். என் தங்கச்சி வீட்டில், "ஏறு, கூட்டிட்டுப் போறேன்" என்றால், "அண்ணே, சாக்பீஸ் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். மாதம் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன், கேலி செய்தாலும் பரவாயில்லை.

நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டின் கடைசி வரிசையில், யாரோ விட்டுப்போன ஐந்தாறு சைக்கிள்கள் துருவேறிக் கிடக்கின்றன. அடுத்த வருடம் சங்கத்தின் சார்பில் சனிக்கிழமைகளில் அவற்றைக் கழற்றிப் பூட்டினால் என்ன? பஸ்ஸுக்காக முதல் பீரியடை இழக்கும் ஐந்தாறு தம்பி, தங்கைகள் நிச்சயம் இருப்பார்கள். சாக்பீஸ் நான் கொண்டு வருகிறேன். ஸ்பானரோடு வருபவர்கள் கை தூக்குங்கள்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்